இருபது மில்லி

ஞானராஜுக்குக் களி இறங்கவில்லை என்பதை முதலில் கவனித்தது அவன் பெண்டாட்டி பாக்கியமேரிதான். நிலக்கடலை பிடுங்குகிற மாதம் அது. விடிந்ததிலிருந்து குனிந்து பிடுங்கிவிட்டு வரப்பில் வந்து உட்காருகிற ஆளுக்கு இரண்டு உருண்டை ராகிக் களியும் ஒரு சட்டி கீரைக் கடைசலும் போதாது. அந்த வருஷம் அவன் அரை உருண்டையிலேயே கையைக் கழுவினான். வயிற்றின் இடது பக்கம் என்னவோ அடைத்துக்கொண்டிருக்கிற மாதிரி இருக்கிறது என்றான். வெயிலில் பித்தம் ஏறியிருக்கும் என்று அவள் சீரகத் தண்ணீர் வைத்துக் கொடுத்தாள். செடியைக் கட்டுக் கட்டி வண்டியில் ஏற்றும்போது, எப்போதும் தனியாளாகத் தூக்குகிற கட்டுக்கு மாதுவும் ஒரு கை பிடிக்க வேண்டியிருந்தது. மாது பக்கத்துக் காட்டுக்காரன். இவன் காட்டில் அவனும் அவன் காட்டில் இவனுமாகச் சின்ன வயதிலிருந்து மாற்றாள் வேலை செய்து பழகியவர்கள்.

அது எண்பத்திரண்டாம் வருஷம். மழை ஏமாற்றிவிட்டது. கடலை செடிக்கு ஆறு ஏழு காய்தான் பிடித்திருந்தது, அதிலும் பாதி பொக்கு. கிணற்றில் காலையில் அரைமணி நேரம் மோட்டார் ஓடினால் அடி தெரிந்தது. ஊரில் எல்லோருமே அந்த வருஷம் இளைத்துத்தான் இருந்தார்கள். அதனால் ஞானராஜ் இளைத்தது யார் கண்ணுக்கும் தனியாகப் படவில்லை.

இண்டூருக்கு மேற்கே மூன்று மைலில் இருக்கிறது அந்த ஊர். நாற்பது வீடு, அதில் பதினாலு வீடு வேதக்காரர்கள். ஞானராஜின் அப்பா ஸ்தனிஸ்லாஸ் கிணறு வெட்டப் போன இடத்தில் மண் சரிந்து செத்தபோது அவனுக்கு இருபத்தியொரு வயது, தங்கை பிலோமினாவுக்குப் பதிமூன்று. அம்மா அதற்கு முன்னாலேயே போய்விட்டிருந்தாள். பிலோமினா தருமபுரியில் சிஸ்டர்கள் நடத்திய விடுதியில் தங்கிப் படித்துக்கொண்டிருந்தாள். அண்ணன் அவளை நிறுத்தவில்லை. நிறுத்தாததற்குப் பெரிய காரணம் எதுவும் அவன் சொன்னதில்லை. படிக்கிற பிள்ளை படிக்கட்டும், காட்டு வேலைக்கு அவள் லாயக்கில்லை என்று சொல்லி முடித்துவிடுவான். அவள் திருச்சிக்குப் போய்ப் படித்தாள். அப்புறம் பெங்களூரில் ஓர் ஆராய்ச்சி நிலையத்தில் இடம் கிடைத்தது. ரத்தப் புற்றுநோயில், நோய் பிடித்த வெள்ளை அணுக்களுக்கு உள்ளே என்ன நடக்கிறது என்று பார்ப்பது அவள் வேலை. முப்பதை நெருங்கியும் கல்யாணம் செய்துகொள்ளாதது பற்றி ஊரில் பேச்சு இருந்தது. அண்ணன் காதுபட யாரும் பேசியதில்லை.

கிறிஸ்துமஸுக்கு வந்த பிலோமினா, அண்ணன் கோயிலில் முழங்காலில் இருந்து எழுந்திருக்கும்போது இடது விலாவைப் பிடித்துக்கொள்வதைப் பார்த்தாள். வீட்டுக்கு வந்ததும் கட்டிலில் படுக்கச் சொல்லி வயிற்றை அமுக்கினாள். விலா எலும்புக்குக் கீழே தொடங்கித் தொப்புள்வரை பலகை மாதிரி கெட்டியாக ஒன்று கைக்குத் தட்டுப்பட்டது. அவள் பையில் எப்போதும் நாலைந்து கண்ணாடித் துண்டுகள் கிடக்கும். ஊசியால் விரல் நுனியைக் குத்தி ஒரு சொட்டு ரத்தத்தைக் கண்ணாடியில் இழுத்து, வாசலில் காயும் கடலைக்குப் பக்கத்தில் வைத்து உலர்த்தினாள். காய்ந்ததும் நோட்டுத் தாளில் மடித்து மேலே அண்ணன் பேரையும் தேதியையும் எழுதிக்கொண்டாள்.

பெங்களூருக்குப் போய்ச் சாயம் போட்டு மைக்ராஸ்கோப்பில் வைத்தாள். நல்ல ரத்தத்தில் சிவப்பு அணுக்களுக்கு நடுவே தேடினால்தான் ஒன்றிரண்டு வெள்ளை அணு கிடைக்கும். இதில் தேட வேண்டியிருக்கவில்லை. இளசும் முற்றியதுமாக நெருக்கியடித்துக்கொண்டு கண் நிறைய அவைதான் இருந்தன. மூன்று வருஷமாக இந்த மாதிரிக் கண்ணாடிகளை நூற்றுக்கணக்கில் பார்த்தவள். எந்த ஆஸ்பத்திரியிலிருந்து வந்தது, எந்த நோயாளி என்று எண் மட்டும்தான் அவற்றில் இருக்கும். மடித்துவந்த தாளில் இருந்த தன் கையெழுத்தைத் திரும்ப ஒருமுறை பார்த்துவிட்டு, மைக்ராஸ்கோப்பின் விளக்கை அணைத்தாள்.

நாள்பட்ட வகை. மாத்திரை உண்டு. தினமும் விழுங்கினால் அணுக்கள் குறையும், வயிற்றுக் கட்டி வற்றும், ஆள் எழுந்து நடமாடுவான். மூன்று வருஷமோ நாலு வருஷமோ அப்படி ஓடும். பிறகு ஒருநாள் நோய் திரும்பிக்கொள்ளும். அதற்குப் பிறகு எந்த மாத்திரைக்கும் அது அடங்காது. இரண்டு மாதம், மிஞ்சினால் மூன்று மாதம். இதை அவள் பாடமாகவே படித்திருந்தாள். எலும்புக்குள் இருக்கும் மஜ்ஜையை மாற்றிவைக்கிற வைத்தியம் அப்போதுதான் வந்திருந்தது. கூடப்பிறந்தவர்களுடையது பொருந்தினால் செய்து பார்க்கலாம் என்றார்கள். அவள் தன் ரத்தத்தைக் கொடுத்துப் பார்த்தாள். பொருந்தவில்லை. அவனுக்கு வேறு கூடப்பிறந்தவர்கள் இல்லை.

ஜனவரியில் அவனைப் பெங்களூருக்கு அழைத்துப்போய் ஒரு பெரிய டாக்டரிடம் காட்டி மாத்திரை வாங்கிக் கொடுத்தாள். டாக்டரிடம் அவளே பேசிக்கொண்டாள். ஊருக்கு வந்து அண்ணியிடம், ரத்தத்தில் வெள்ளை அணு கூடிப்போய்விட்டது, மாத்திரையில் சரியாகிவிடும் என்றாள். அண்ணன் மட்டும் விடாமல் கேட்டான். கூடிப்போகிறது என்றால் ஏன் கூடுகிறது, யார் கூட்டுவது என்று அவனுக்குத் தெரிய வேண்டியிருந்தது.

"ரத்தத்துல இருக்கற ஒவ்வொரு அணுவுக்கும் வெளிய இருந்து சேதி வரும்ங்கண்ணா. பெருகுன்னா பெருகும், நில்லுன்னா நிக்கும். நம்ம மோட்டாரு ஸ்டார்ட்டர்ல பச்ச பட்டன் அமுத்துனா ஓடுது, செவப்ப அமுத்துனா நிக்குதில்ல. உங்களுக்குப் பச்ச பட்டன் அமுங்குனபடியே ஒட்டிக்கிச்சு."

"அப்ப பீஸப் புடுங்கிட வேண்டிதுதான?"

"பீஸு எங்க இருக்குதுன்னுதாங்கண்ணா நாங்க தேடறோம்."

"இத்தினி வருசம் படிச்சி இன்னும் பீஸு எங்கன்னே தெரியலயா உனக்கு" என்று அவன் சிரித்தான். மறுநாள் இண்டூரில் காஜா பாய் டீக்கடையில் உட்கார்ந்து இதையே மற்றவர்களுக்கு விளக்கிச் சொன்னான். தன் ரத்தத்தில் ஸ்டார்ட்டர் ஒட்டிக்கொண்டதையும், தங்கை அதைச் சரிபண்ண இருபது பேர் வேலை செய்கிற இடத்தில் வேலை செய்கிறாள் என்பதையும்.

மாத்திரை கேட்டது. இரண்டு மாதத்தில் வயிற்றுக் கட்டி கைக்குத் தட்டுப்படவில்லை. களி இறங்க ஆரம்பித்தது. மாத்திரையின் வேகத்தில் அவன் மேனி நிறம் மட்டும் கறுத்துக்கொண்டே வந்தது. புகைபோக்கிக்கு அடியில் தொங்கவிட்ட மாதிரி முகம், கை, நகக்கண் எல்லாம் கறுத்தது. ஊர்க்காரர்கள் கேலி செய்தார்கள். அவனும் கூடச் சேர்ந்து சிரித்தான். எண்பத்து மூன்று கோடையில் கிணறு அடியோடு வற்றியபோது மாதுவும் அவனும் நாற்பது நாள் கிணற்றில் இறங்கிப் பாறை உடைத்தார்கள். மேலே பாக்கியமேரியும் மாதுவின் பெண்டாட்டி நஞ்சம்மாளும் உருளையில் கல்லை இழுத்து ஏற்றினார்கள். ஆறடி ஆழம் கூடியது. மூன்றாவது அடியிலேயே ஊற்று கண்டது. பிலோமினா கடிதத்தில் கல் சுமக்க வேண்டாம் என்று எழுதியிருந்தாள். பாக்கியமேரி அந்தக் கடிதத்தை மாதுவுக்குப் படித்துக் காட்டினாள். அதோடு சரி.

மூன்று மாதத்துக்கு ஒருமுறை பிலோமினா வருவாள். காலை பஸ்ஸில் வந்து, அண்ணனைக் கட்டிலில் உட்காரவைத்து முழங்கை மடிப்பில் இருபது மில்லி ரத்தம் எடுப்பாள். ஐஸ் போட்ட தெர்மாஸில் குழாயை இறக்கிக்கொண்டு மதிய பஸ்ஸுக்கே கிளம்பிவிடுவாள். தருமபுரி, கிருஷ்ணகிரி, ஓசூர் என்று மாறிப் பெங்களூர் போய்ச் சேர்வதற்குள் ஐஸ் கரைந்துவிடக் கூடாது. ஓசூர் பஸ் ஸ்டாண்டில் சோடாக் கடையில் மறுபடி ஐஸ் வாங்கிப் போட்டுக்கொள்வாள். அங்கே ரத்தத்திலிருந்து வெள்ளை அணுக்களைத் தனியாகப் பிரித்து உடைத்து, பம்பாயிலிருந்து விமானத்தில் வரும் கதிர் வீசுகிற பாஸ்பரஸைச் சேர்த்து, அந்த ஒட்டிக்கொண்ட பட்டன் எவ்வளவு வேகத்தில் வேலை செய்கிறது என்று அளப்பாள். எக்ஸ்ரே பிலிமில் கறுப்புக் கோடாக அது விழும். ஒரே ஆளின் ரத்தம், நோய் அடங்கியிருக்கும்போதும் அது திரும்பிக்கொள்ளும்போதும் கிடைப்பது அபூர்வம். நோயாளிகள் ஆஸ்பத்திரிக்கு இரண்டு தரம் வந்துவிட்டுக் காணாமல் போய்விடுவார்கள். நோய் திரும்பும்போது அந்தக் கோடு பலமடங்கு தடிக்கும், அதில்தான் எல்லாம் இருக்கிறது என்று அவள் நம்பினாள். அவளுடைய பேராசிரியரும் நம்பினார்.

முதல் தரம் எடுக்கும்போது எதுக்கு இது என்று அண்ணன் கேட்டான். மருந்து கண்டுபிடிக்கிறதுக்கு என்றாள். அது பொய்யில்லை. அதன் பிறகு அவன் கேட்கவில்லை. தங்கை வருகிற நாளில் காட்டுக்குப் போகாமல் முழுக்கைச் சட்டையைக் கழற்றி ஆணியில் மாட்டிவிட்டுக் காத்திருப்பான். போகும்போது மடியில் கடலையோ மாம்பழமோ கட்டிக்கொடுத்து, இண்டூர் வரைக்கும் சைக்கிளில் கொண்டுவந்து விடுவான். அவன் டீக்கடையில் சொன்னது பரவி, எங்கெங்கிருந்தோ நோயாளிகளும் அவன் வீட்டுக்கு வர ஆரம்பித்தார்கள். சித்தேரி மலையிலிருந்து கோவிந்தன் என்று ஒருவர், கால் வீங்கிய சம்சாரத்தை இரண்டு பஸ் மாற்றிக் கூட்டிக்கொண்டு வந்துவிட்டார். பிலோமினா தான் டாக்டர் இல்லை என்று எவ்வளவோ சொன்னாள். அவர் கேட்டுவிட்டு, சரிங்க, அப்ப மாத்திரை மட்டும் எழுதிக் குடுங்க என்றார்.

எண்பத்து நாலில் மழை நன்றாகப் பெய்தது. ஞானராஜ் அரை ஏக்கரில் மல்பெரி வைத்துப் பட்டுப்பூச்சி வளர்க்க ஆரம்பித்தான். மகள் ரீத்தாளைத் தருமபுரிப் பள்ளியில் சேர்த்தான். ஓரோர் நாள் அவனுக்கு நோயே இல்லை என்று பாக்கியமேரிக்குத் தோன்றும்.

எண்பத்தைந்து ஆடியில் பரிசோதனைக்காகப் பெங்களூர் போனபோது அவளும் கூடப் போனாள். வேலை செய்கிற இடத்தைக் காட்டுகிறேன் என்று பிலோமினா இருவரையும் அழைத்துப்போனாள். நீளமான அறை. சிமெண்ட் மேடைமேல் கண்ணாடிச் சாமான்கள். பீரோ மாதிரி நிற்கும் ஐஸ் பெட்டியைத் திறந்ததும் புகை வந்தது. உள்ளே தட்டில் குழாய்கள் வரிசையாக இருந்தன. தன் பேரின் எழுத்துகளைக் கண்டுபிடித்து ஞானராஜ் ஒவ்வொன்றாகத் தேதி படித்தான். அந்தத் தேதியில் காட்டில் என்ன வேலை நடந்தது என்று அவனால் சொல்ல முடிந்தது. அப்புறம் மோட்டாருக்குச் சாமான் வாங்க வேண்டும் என்று கடைத்தெருவுக்குப் போய்விட்டான்.

அப்போதுதான் பேராசிரியர் வந்தார். நரைத்த மனிதர், நல்ல மாதிரி. பாக்கியமேரிக்குக் கன்னடம் தெரியும். கல்யாணத்துக்கு முன்னால் அவள் வீட்டார் மண்டியாப் பக்கம் கரும்பு வெட்டப் போய் நாலு வருஷம் இருந்தவர்கள். அவர் அவளிடம் கன்னடத்திலேயே பேசினார். உங்கள் வீட்டுக்காரர் செய்கிற உதவி பெரிது என்றார். அடுத்த கட்டம் வரும்போது ஒருநாள்கூடத் தாமதிக்காமல் தகவல் சொல்லிவிடுங்கள், அந்த ரத்தம்தான் எங்களுக்கு ரொம்ப முக்கியம் என்றார். அவளுக்கு எல்லாம் தெரியும் என்று நினைத்துத்தான் சொன்னார். பிலோமினா அப்போது ஐஸ் பெட்டியை மூடிக்கொண்டிருந்தாள்.

பஸ் ஸ்டாண்டில் ஞானராஜ் வருவதற்காகச் சிமெண்ட் பெஞ்சில் காத்திருக்கும்போது பாக்கியமேரி கேட்டாள்.

"உங்க வாத்தியாரு அடுத்த கட்டம்னாரே. அது இன்னா பிலோமி?"

பிலோமினா பஸ்களைப் பார்த்தபடி இருந்தாள். "இந்த மாத்திர கொஞ்ச வருசந்தாங்க அண்ணி கேக்கும். அப்பறம் கேக்காது."

"கேக்காட்டி?"

"ரெண்டு மாசம். மூணு மாசம்."

"இது உனக்கு எப்பத் தெரியும்?"

"மொத நாளே தெரியும்ங்க."

ஓசூர் பஸ் ஒன்று திணறிக்கொண்டு பின்னால் வந்து நின்றது. கண்டக்டர் கூவி ஆளேற்றிக்கொண்டு, அது புறப்பட்டுப் போனது.

"மூணு மாசத்துக்கு ஒருக்கா எடுத்துனு வர்றியே. அது மருந்துக்கு இல்லியா?"

"மருந்துக்குத்தாங்க. ஆனா அண்ணனுக்கு இல்ல. எப்பவோ வரப்போவுது. வேற யாருக்கோ."

"எடுக்கறப்ப அவருகிட்ட அப்பிடிச் சொல்லலியே நீ."

"சொல்லலீங்க அண்ணி."

தூரத்தில் ஞானராஜ் காகிதத்தில் சுற்றிய சாமானைக் கையில் பிடித்துக்கொண்டு ஆட்டோக்களுக்கு ஒதுங்கி ஒதுங்கி வந்துகொண்டிருந்தான். பாக்கியமேரி முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு எழுந்தாள்.

"இப்பவும் சொல்லாத. கேவுரு நடவு பாதில நிக்குது" என்றாள்.

அந்த நடவு முடிந்தது, களையெடுத்து, அறுத்து, அடித்து, வீட்டில் பதினோரு மூட்டை கேழ்வரகு ஏறியது. அவள் அவனிடம் சொல்லவேயில்லை. அவன் தூங்கும்போது நெற்றியைத் தொட்டுப் பார்க்கிற பழக்கம் மட்டும் அவளுக்கு வந்துவிட்டது. பிலோமினா வருகிற நாளில் சோறாக்கிப் போட்டுவிட்டு, ஊசி எடுக்கும் நேரத்தில் மாட்டுக்குத் தண்ணீர் காட்டப் போய்விடுவாள்.

எண்பத்தாறு, குருத்து ஞாயிறு அன்று அவனுக்குக் காய்ச்சல் வந்தது. குருத்தோலையைப் பிடித்துக்கொண்டு சுற்றி வரும்போதே நடுங்கினான். மறுநாள் பல் துலக்கும்போது ஈறிலிருந்து ரத்தம் வந்து நிற்கவில்லை. தொடை எலும்புக்குள் யாரோ துளை போடுகிற மாதிரி இருக்கிறது என்றான். மாது வண்டி கட்டி இண்டூருக்கும் அங்கிருந்து பஸ்ஸில் தருமபுரிக்கும் கொண்டுபோய்ச் சேர்த்தான். பெங்களூருக்கு வரமாட்டேன் என்று ஞானராஜ் சொல்லிவிட்டான். பட்டுப்புழு தோலுரிக்கிற நாலாம் உறக்கத்தில் இருக்கிறது, விட்டுவிட்டு வர முடியாது என்றான். படுத்த இடத்திலிருந்து அவனால் எழக்கூட முடியவில்லை.

தந்தி கிடைத்துப் பிலோமினா வந்தாள். ஆஸ்பத்திரி லேபில் கேட்டுக்கொண்டு அவளே மைக்ராஸ்கோப்பில் பார்த்தாள். முற்றிய அணு ஒன்றுகூட இல்லை. எல்லாம் பிஞ்சு. எலியின் கண் மாதிரி ஒரே உருவில், ஒரே அளவில். மாத்திரையை மாற்றிப் பார்த்தார்கள். மூன்று வாரம் அங்கே கிடந்தான். மாதுவும் அவன் மச்சானும் ஆளுக்கு ஒரு பாட்டில் ரத்தம் கொடுத்தார்கள். அதை ஏற்றிய பிறகு, வீட்டில் போய் இருக்கட்டும் என்று டாக்டர் சொல்லிவிட்டார்.

வீட்டுக்கு வந்த மறுநாள் புதன்கிழமை. சித்திரை வெயில். ஓடு கொதித்து உள்ளே இறங்கியது. வாசலில் பாக்கியமேரி தண்ணீர் தெளித்துத் தெளித்து விட்டாள். பட்டுப்புழுக்களை நஞ்சம்மாள் முதல் வாரமே தன் வீட்டுக்குத் தூக்கிப்போயிருந்தாள். ஞானராஜ் கூடத்தில் கட்டிலில் கிடந்தான். கையும் காலும் நீலம் பூத்து, அழுத்திய இடமெல்லாம் கன்றிப்போயிருந்தது. கூழைத் துணியில் வடிகட்டி ஸ்பூனில் கொடுத்தால் நாலு வாய் குடித்தான்.

வியாழக்கிழமை காலையில் பம்பாயிலிருந்து பாஸ்பரஸ் வரும். வந்து நாளானால் வீரியம் குறைந்துபோகும், அடுத்தது வர இரண்டு வாரம் ஆகும். இரண்டு வாரம் இல்லை என்று பிலோமினாவுக்குத் தெரியும். ரத்தத்தை வேறு யாரிடமும் கொடுத்தனுப்பவும் முடியாது. அந்த அணுக்களைப் பிரித்து உடைத்துச் செய்யத் தெரிந்த கை அந்த லேபில் அவளுடையது ஒன்றுதான். காலையிலிருந்து பையைத் திறப்பதும் மூடுவதுமாக இருந்தவள், பத்து மணிக்கு ஊசியை எடுத்துக்கொண்டு கட்டிலுக்கு வந்தாள்.

பாக்கியமேரி குறுக்கே வந்து நின்றாள். குரலை உயர்த்தவில்லை.

"மாதுவும் அவங்க மச்சானும் குடுத்தது, ஏத்தி ரெண்டு நா ஆவல. ஊத்தறதும் நீங்க, எடுக்கறதும் நீங்களா?"

"இருபது மில்லிதாங்க அண்ணி."

"எத்தினியா இருந்தா இன்னா. அவுரு ஒடம்புல இருக்கறது அவுருக்கு."

"வுடு பாக்கியம்" என்றான் ஞானராஜ். ஈறு வீங்கி வார்த்தை குழறியது. தங்கையைப் பார்த்துக் கேட்டான். "இது எனக்கு இல்லதான பிலோமி?"

அவள் கட்டில் ஓரத்தில் உட்கார்ந்தாள். எப்போதிருந்து தெரியும் என்று கேட்டாள்.

"மூணு வருசமா எடுக்கற. எனக்குன்னா இத்தினி நேரம் வந்திருக்கும்ல." சற்று மூச்சு வாங்கிக்கொண்டான். "எடுத்துக்க. எடுத்துட்டு ஒடனே போவணும்னு சொல்லுவ."

"போவணும்ங்கண்ணா. நாளைக்கு சாயங்காலம் வந்துடறேன்."

"எனக்குப் பயமா இருக்குது. நீ பக்கத்துல இருந்தா கொஞ்சம் கொறையற மாதிரி இருக்குது."

பாக்கியமேரி அவனுக்கு வாழ்க்கைப்பட்டுப் பதினைந்து வருஷம். பயம் என்று அவன் சொல்லி அவள் கேட்டதில்லை. இப்போது பிலோமினா ஊசியைக் கீழே வைத்துவிடுவாள் என்று அவள் நினைத்தாள். பிலோமினா தலையைக் குனிந்தபடி ஊசியை மறு கைக்கு மாற்றிக்கொண்டாள்.

"நாளைக்கு சாயங்காலம் வந்துடறேங்கண்ணா" என்றாள் மறுபடியும்.

அவன் கையை நீட்டினான். நரம்பு அமுங்கிக் கிடந்தது. இரண்டு இடத்தில் குத்தியும் வரவில்லை. மூன்றாவது இடத்தில் வந்தது, தண்ணீர் கலந்த மாதிரி வெளுப்பாக. குத்திய மூன்று இடத்திலும் ரத்தம் நிற்காமல் கசிந்தது. பாக்கியமேரி துணியை மடித்து அழுத்திப் பிடித்துக்கொண்டாள். மதிய பஸ்ஸுக்கு மாது பிலோமினாவைச் சைக்கிளில் கொண்டுபோய் விட்டான்.

மறுநாள் காலையில் ஞானராஜுக்கு மூக்கில் ரத்தம் வந்தது. அப்புறம் பேச்சு தெளிவில்லாமல் போனது. பிலோமி வந்துவிட்டாளா என்று இரண்டு தரம் கேட்டான். முதல் தரம் பாக்கியமேரி, பஸ் ஏறிவிட்டாள் என்றாள். இரண்டாம் தரம், கிருஷ்ணகிரி தாண்டிவிட்டாள் என்றாள். பதினொரு மணிக்குக் கொஞ்சம் முன்னால் மூச்சு நின்றது. அப்போது ரீத்தாள் விசிறிக்கொண்டிருந்தாள். அவளுக்கு அது தெரியவில்லை, விசிறிக்கொண்டேயிருந்தாள்.

தந்தி லேபுக்கு மூன்று மணிக்குப் போய்ச் சேர்ந்தது. அப்போது கண்ணாடித் தட்டுகளுக்கு நடுவில் அந்த அணுக்களின் சாறு ஜெல்லில் ஓடிப் பிரிந்து முடிய இன்னும் ஒன்றரை மணி நேரம் இருந்தது. பிலோமினா தந்தியைப் படித்தாள். மடித்து அங்கிப் பையில் வைத்தாள். பிறகு அந்த ஒன்றரை மணி நேரமும் ஸ்டூலில் உட்கார்ந்திருந்தாள். முடிந்ததும் தட்டைப் பிரித்து, ஜெல்லைக் காயவைத்து, பிலிமோடு சேர்த்துக் கட்டி ஐஸ் பெட்டியில் வைத்துவிட்டுத்தான் பஸ்ஸுக்குக் கிளம்பினாள்.

ஊரில் அவள் வரும்வரை உடலை வைத்திருக்க வழியில்லை. வெயில் காலம், உடம்பில் வாய், மூக்கு என்று கசிவு நிற்கவேயில்லை. சாமியார் தருமபுரியிலிருந்து நாலு மணிக்கு வந்தார். ஐந்தரைக்கு மண் தள்ளிவிட்டார்கள். மறுநாள் முதல் பஸ்ஸில் பிலோமினா வந்து இறங்கியபோது, கல்லறையில் நாய் தோண்டாமல் இருக்க மாது முள் வெட்டிப் போட்டுக்கொண்டிருந்தான். அவளைப் பார்த்ததும் அரிவாளைக் கீழே போட்டுவிட்டு ஒதுங்கி நின்றான். பாக்கியமேரி அவளுக்குச் சோறு போட்டாள். எல்லோருக்கும் போட்ட மாதிரி போட்டாள்.

பத்து நாள் கழித்துப் பிலிமைக் கழுவினாள் பிலோமினா. சிவப்பு விளக்கில் தண்ணீருக்குள் கோடு மெதுவாக எழுந்து வந்தது. வெளியே கொண்டுவந்து, மூன்று வருஷத்துப் பிலிம்களுக்குப் பக்கத்தில் ஜன்னல் கண்ணாடியில் ஒட்டிப் பார்த்தாள். முன்னே இருந்த அதே கோடு, அதே கனம். நோய் திரும்பியபோது அந்தப் பட்டன் இன்னும் வேகமாக வேலை செய்யும் என்று எண்ணியது நடக்கவில்லை. மாறியது வேறு எதுவோ. அது என்னவென்று அந்த ரத்தத்தைக் கேட்கிற வழி அவளிடமும் இல்லை, அப்போது வேறு யாரிடமும் இல்லை. மிச்சம் வைத்திருந்ததில் இன்னும் இரண்டு தரம் செய்து பார்த்தாள். மூன்று தரமும் ஒன்றேபோல் வந்தது. அதோடு அந்தக் குழாய் தீர்ந்தது. ஒன்றும் இல்லை என்று தெரிவதும் ஒரு முடிவுதான் என்று பேராசிரியர் சொன்னார். அவளுடைய ஆய்வேட்டில் அது ஓர் அட்டவணையில் நாலாம் வரியாகப் போனது. எந்த ஆராய்ச்சிப் பத்திரிகையும் அதைக் கேட்கவில்லை.

எண்பத்தெட்டில் அவளுக்கு டாக்டர் பட்டம் கிடைத்தது. அமெரிக்காவில் ஓரிடத்தில் அதே நோயில் அதே வேலைக்குக் கூப்பிட்டிருந்தார்கள். போவதற்கு முன்னால் கல்லறைத் திருநாளுக்கு ஊருக்கு வந்தாள். இடையில் இரண்டு தரம் வந்திருக்கிறாள். அண்ணி வீட்டில் தங்கியதில்லை.

நிலத்தை மாதுவே விளைச்சலில் பங்கு கொடுத்து வாரத்துக்கு உழுதுகொண்டிருந்தான். மல்பெரியையும் பட்டுப்பூச்சியையும் பாக்கியமேரி விடாமல் பார்த்துக்கொண்டாள். காலையில் தழை பறித்துப் போட்டுவிட்டுச் சுண்ணாம்பு வாளியோடு கல்லறைக்கு வந்திருந்தாள். சிமெண்ட் பூசிய கல்லறை, தலைமாட்டில் சிலுவை. ரீத்தாள் செவ்வந்தி மாலையை எடுத்துவரப் போயிருந்தாள். பிலோமினா வெளிநாடு போவதைச் சொன்னாள். எத்தனை வருஷம் என்று பாக்கியமேரி கேட்டாள். மூன்று வருஷம், அதற்கு மேலும் ஆகலாம் என்றாள். ரீத்தாளின் படிப்பைப் பற்றிக் கொஞ்சம் பேசினார்கள். பிலோமினா ஒரு மட்டையை எடுத்துச் சுண்ணாம்பில் தோய்த்துப் பக்கவாட்டில் அடிக்க ஆரம்பித்தாள். பழக்கமில்லாமல் வழிந்தது. பாக்கியமேரி அதன் மேலேயே இன்னொரு கை அடித்துச் சரிசெய்தாள்.

"அந்தக் கடசி ரத்தம்" என்றாள் பாக்கியமேரி. இரண்டரை வருஷத்தில் இப்போதுதான் அவள் அதைக் கேட்கிறாள். "அதுல இன்னா இருந்துச்சி?"

"முன்ன எடுத்ததுல இருந்ததுதாங்க அண்ணி. ஒரு வித்தியாசமும் இல்ல."

"புதுசா ஒண்ணியும் இல்லியா?"

"இல்லீங்க."

பாக்கியமேரி கால்மாட்டுப் பக்கம் குந்தி, விட்டுப்போன மூலையில் சுண்ணாம்பை அழுத்தித் தேய்த்தாள். விரலிடுக்கில் வழிந்ததைக் கல்லிலேயே துடைத்துக்கொண்டாள்.

"அப்ப நீ இங்கியே இருந்திருக்கலாம்" என்றாள்.

மட்டையை வாளியில் போட்டுக்கொண்டு எழுந்து, கோயில் குழாயில் கழுவுவதற்காக இறங்கிப் போனாள்.